கலம் என்னும் பாடமும் உம்மம்மாவின் கேள்வியும்

உயர்தரத்தில் உயிரியலைத் தெரிவு செய்யும் ஒவ்வொரு மாணவியும் ஆரம்பத்திலேயே சந்திப்பது கலத்தைப் பற்றிய அலகாகும். சாதாரண தரத்தில் சில பக்கங்களில் முடிந்துபோன கலம், இங்கே ஒரு முழுக் குறிப்புக் கொப்பியை நிறைத்துவிடுகிறது. முதலுருமென்சவ்வு, கரு, இறைபோசோம், அகமுதலுருச் சிறுவலை, கொல்கிச் சிக்கல், இழைமணி என்று பெயர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பெயர், பருமன், தொழில் என்று மூன்று நிரல்களில் அட்டவணை போட்டுப் பாடமாக்கினால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் இரண்டு இடங்களில் உடைந்தது. ஒன்று எமது ஆய்வுகூடம், மற்றையது எங்கள் வீட்டுச் சமையலறை. இந்த அலகை இனிப் படிக்கப்போகும் தங்கைகளுக்குப் பயன்படலாம் என்பதால் அவ்விரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

காணாததை வரைந்த கதை

எமது முதலாவது செய்முறை வெங்காயத்தின் உள்மேற்றோலை நுணுக்குக்காட்டியில் நோக்குவதாகும். மெல்லிய தோலை உரித்து, வழுக்கியில் வைத்து, ஒரு துளி அயடீன் இட்டு, மூடித்துண்டால் மூடினோம். செங்கல் அடுக்கியது போலக் கலங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் கலந்த கபில நிறத்தில் ஒரு புள்ளியாகக் கரு இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை. படம் வெறுமையாக இருக்கிறதே என்று எண்ணி, பாடநூலைப் பார்த்து இழைமணியையும் கொல்கிச் சிக்கலையும் அழகாக வரைந்து பெயரிட்டுக் கொடுத்தேன்.

ஆசிரியை கொப்பியைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எங்க கண்டீங்க மகள்?” என்று கேட்டார்.

“புத்தகத்தில டீச்சர்.”

“அப்ப தலைப்ப மாத்துங்க. ‘புத்தகத்தில் கண்ட வெங்காயம்’ எண்டு போடுங்க.”

வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அன்று அவர் தந்த விளக்கத்தை இன்றும் மறக்கவில்லை. பார்வைத்துண்டு 10 மடங்கும் பொருள்வில்லை 40 மடங்கும் பெருப்பித்தால் மொத்த உருப்பெருக்கம் 400 ஆகும். ஆனால் பெருப்பிப்பது மட்டும் போதாது. அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றலும் வேண்டும். அதுவே பிரிவலு எனப்படும். தொலைபேசியில் எடுத்த மங்கலான படத்தை விரலால் விரித்துப் பாருங்கள். படம் பெரிதாகும், ஆனால் தெரியாத எழுத்துத் தெரியவராது. சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியின் எல்லை ஏறத்தாழ 200 நனோமீற்றர். இறைபோசோமோ 20 முதல் 30 நனோமீற்றர் வரையானது. எத்தனை நாள் கண்ணை வைத்துப் பார்த்தாலும் அதைக் காண முடியாது. இழைமணியின் அகலம் ஏறக்குறைய ஒரு மைக்கிரோமீற்றர் வரை இருந்தாலும், நிறமற்றதாகையால் அதற்குரிய சாயமின்றி எம் கண்ணுக்குப் புலப்படாது.

1665ஆம் ஆண்டில் றொபேட் ஹூக் தக்கைச் சீவலை நோக்கி, சிறிய அறைகள் போன்ற வெறும் சுவர்களைக் கண்டார். அவற்றையே வரைந்தார், அறை என்ற பொருள்படவே பெயரும் வைத்தார். தாவரங்கள் கலங்களாலானவை என்று சிலைடன் 1838இலும், விலங்குகளும் அவ்வாறே என்று சுவான் 1839இலும் கூறினர். கலங்கள் முன்பிருந்த கலங்களிலிருந்தே தோன்றுகின்றன என்பதை 1855இல் விர்ச்சோ வலியுறுத்தினார். 1931இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி உருவான பின்னரே கலத்தின் நுண்ணிய உள்ளமைப்புகள் தெளிவாகத் தெரியவந்தன. எமது பாடநூலின் ஒரு பக்கப் படத்துக்குப் பின்னால் இவ்வளவு காலம் இருக்கிறது. நான் அதை ஐந்து நிமிடத்தில் வெங்காயத்துக்குள் வரைந்துவிட்டேன்.

உம்மம்மா கேட்டது

அந்தத் தவணைப் பரீட்சையில் கலம் பற்றிய அமைப்புக் கட்டுரை வினாவுக்கு நல்ல புள்ளிகள் பெற்றேன். “கொல்கிச் சிக்கலின் தொழில்கள் நான்கு தருக” என்பதற்கு முழுப் புள்ளியும் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம்.

என் உம்மம்மாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். இவ்வளவு நாளும் குளிசையோடுதான் சமாளித்தார். இவ்வருடம் கிளினிக்கில் டொக்டர் இன்சுலின் ஊசியைத் தொடங்கச் சொன்னார். மருந்துப் போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. இரண்டு வாரம் கழித்து உம்மா அதை எடுத்துப் பார்த்தபோது மருந்து அவ்வளவாகக் குறைந்திருக்கவில்லை. கேட்டதற்கு, “குத்தினா நோகுது” என்று மட்டும் உம்மம்மா சொன்னார்.

அன்றிரவு இஷாத் தொழுத பின் சமையலறையில் என்னைக் கூப்பிட்டார்.

“நீ இதெல்லாம் படிக்கிறதானே புள்ள. இந்த மருந்தக் குளிசையாத் தந்தா என்ன?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார்.

“இது பன்றியில இருந்து எடுக்கிறதாமே? உண்மையா?”

யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊசி நோவதை விட இதுதான் அவரைத் தடுத்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கொல்கிச் சிக்கலின் நான்கு தொழில்களும் மனப்பாடமாக இருந்தன. ஆனால் அவற்றில் ஒன்றும் உம்மம்மாவுக்கு உதவவில்லை. “நாளைக்குச் சொல்றன் உம்மம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு அதே குறிப்புக் கொப்பியை வேறு விதமாகத் திறந்தேன்.

ஒரு மூலக்கூறு போகும் பாதை

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்களாலானது. 21 கொண்ட ஒரு சங்கிலியும் 30 கொண்ட ஒரு சங்கிலியும் கந்தகப் பிணைப்புகளால் இணைந்திருக்கும். சதையியில் உள்ள இலங்ககான் சிறுதீவுகளின் பீற்றாக் கலங்களே இதனைத் தயாரிக்கின்றன. அட்டவணையில் தனித்தனியாகப் படித்த புன்னங்கங்களை இந்தக் கலத்துள் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்ப்போம்.

கருவினுள் உள்ள டீ.என்.ஏ.யில் இன்சுலினுக்குரிய பரம்பரையலகு இருக்கிறது. அதன் செய்தி தூது ஆர்.என்.ஏ. ஆகப் பிரதி செய்யப்பட்டுக் கருத்துளை வழியே வெளியேறுகிறது. இறைபோசோம் அச்செய்தியை வாசித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. உருவாகும் சங்கிலி, இறைபோசோம்கள் ஒட்டியுள்ள அகமுதலுருச் சிறுவலையினுள் நுழைந்து மடிந்து வடிவம் பெறுகிறது. பின்னர் சிறிய புடகங்களில் கொல்கிச் சிக்கலைச் சென்றடைந்து, அங்கிருந்து சுரப்புப் புடகங்களில் பொதி செய்யப்படுகிறது. இதுவரை அது ஒரே நீண்ட சங்கிலிதான். அதன் நடுத்துண்டு வெட்டி நீக்கப்பட்ட பின்னரே உண்மையான இன்சுலினாகிறது.

நாம் சாப்பிட்ட பின் இரத்தத்தில் குளுக்கோசு கூடுகிறது. அது பீற்றாக் கலத்தினுள் சென்றதும் இழைமணிகள் அதிலிருந்து ஏ.ரீ.பீ.யை உண்டாக்குகின்றன. ஏ.ரீ.பீ. கூடியதும் மென்சவ்வின் பொற்றாசியம் கால்வாய்கள் மூடிக்கொள்ள, கல்சியம் அயன்கள் உள்ளே வருகின்றன. உடனே சுரப்புப் புடகங்கள் முதலுருமென்சவ்வுடன் இணைந்து இன்சுலினை வெளியேற்றுகின்றன. கரு முதல் மென்சவ்வு வரை நான் பாடமாக்கிய ஒவ்வொரு பெயருக்கும் இந்தப் பாதையில் ஒரு வேலை இருக்கிறது.

சுரக்கும் கலங்களில் புரதம் போகும் பாதையை ஜோர்ஜ் பலேட் என்ற விஞ்ஞானி சதையியிலேயே ஆராய்ந்தார். கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோ அமிலத்தைக் கினிப்பன்றியின் சதையித் துண்டுகளுக்குச் சில நிமிடங்கள் மட்டும் கொடுத்து, அது எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தனர் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும். முதலில் அகமுதலுருச் சிறுவலை, பின்னர் கொல்கிப் பகுதி, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின் சுரப்புச் சிறுமணிகள் என்று வரிசை தெரிந்தது. கல ஆய்வுகளுக்காக 1974இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குளோட், டி டூவே ஆகிய இருவரும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஏன் குளிசை இல்லை?

முதலாவது கேள்விக்கு விடை இப்போது தானாகவே வந்தது. இன்சுலின் புரதம் என்பதால், விழுங்கினால் அது உணவைப் போலவே சமிபாடடைந்துவிடும். இரைப்பையில் பெப்சினும், சிறுகுடலில் திரிப்சின் முதலிய நொதியங்களும் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். திரிப்சினுக்கு வேண்டிய மூலப்பொருளைச் சுரப்பதும் அதே சதையிதான். ஓர் அங்கத்தின் ஒரு வகைக் கலம் இன்சுலினைச் செய்கிறது, இன்னொரு வகைக் கலத்தின் சுரப்பு அதை உடைக்கிறது. ஒன்று இரத்தத்துக்கும் மற்றையது குடலுக்கும் போவதால் குழப்பம் ஏற்படுவதில்லை. உடையாமல் தப்பினாலும், இவ்வளவு பெரிய மூலக்கூறு குடற்சுவரின் கலங்களைக் கடந்து போதியளவு இரத்தத்தை அடைவது கடினம். ஆகவேதான் தோலின் கீழ் ஊசி.

உம்மம்மாவின் குளிசைகள் ஏன் போதாமல் போயின என்பதும் விளங்கியது. இன்சுலின் தசைக் கலத்தின் மேலுள்ள வாங்கியுடன் இணையும்போது, உள்ளே புடகங்களில் இருக்கும் குளுக்கோசுக் காவிப் புரதங்கள் மென்சவ்வுக்கு வந்து குளுக்கோசை உள்ளெடுக்கின்றன. வயது வந்தோரில் பெரும்பாலும் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவில் கலங்கள் இன்சுலினுக்குக் காட்டும் துலங்கல் குறைகிறது. காலப்போக்கில் பீற்றாக் கலங்களும் களைத்துப்போகின்றன. அப்போது இன்சுலினையே வெளியிலிருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

பற்றீரியா செய்யும் மனித இன்சுலின்

இரண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். 1921இல் கனடாவின் டொரன்டோவில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் சதையிச் சாற்றை நாய்களில் பரிசோதித்தனர். 1922இல் முதல் நோயாளிக்கு அது வழங்கப்பட்டது. அதன்பின் பல தசாப்தங்களாக மாடு, பன்றி ஆகியவற்றின் சதையியிலிருந்தே இன்சுலின் பெறப்பட்டது. பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் அமினோ அமிலத்தாலும், மாட்டினுடையது மூன்றாலும் மட்டுமே வேறுபடுகின்றன. ஆகவே உம்மம்மா கேள்விப்பட்டது முழுப்பொய் அல்ல, பழைய கதை.

1978இல் மனித இன்சுலினுக்குரிய பரம்பரையலகுகளை ஈ.கோலை என்ற பற்றீரியாவில் இட்டு இன்சுலின் உருவாக்கப்பட்டது. 1982இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. இப்போது மதுவமும் இதற்குப் பயன்படுகிறது. “புரோகரியோட்டாக் கலத்தில் கரு இல்லை, கொல்கிச் சிக்கல் இல்லை, இறைபோசோம் உண்டு” என்று ஒப்பீட்டு அட்டவணையில் பாடமாக்குவோமே, அதன் பொருள் இங்கேதான் எனக்குப் புரிந்தது. இறைபோசோம் இருப்பதாலும், பரம்பரைக் குறியீடு பொதுவானதாலும் பற்றீரியாவால் மனிதச் செய்தியை வாசித்துச் சங்கிலியைக் கோக்க முடிகிறது. அகமுதலுருச் சிறுவலையும் கொல்கியும் இல்லாததால் மடித்து, வெட்டி, முடிக்கும் வேலையைத் தொழிற்சாலையில் மனிதர்கள் செய்கிறார்கள்.

மறுநாள் போத்தலின் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘ஹியூமன் இன்சுலின்’ என்றும், அதன் கீழ் ‘ஆர் டீ.என்.ஏ. ஒரிஜின்’ என்றும் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டி விளக்கினேன்.

“மனிசனுக்கிட்ட இருந்தா எடுக்கிற?” என்று பதறினார்.

“இல்ல உம்மம்மா. செய்முறை மனிசனுட. சமைக்கிறது கண்ணுக்குத் தெரியாத கிருமி.”

கொஞ்சநேரம் யோசித்தார். “இத முதல்லயே ஒருத்தரும் சொல்லல்லயே” என்றார். அடுத்த கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். என் சொல்லோடு நிற்காமல், அங்கிருந்த தாதியிடம் உம்மம்மாவே கேட்டுத் தெளிந்துகொண்டார். இப்போது ஊசி தவறுவதில்லை. நொந்தால் மட்டும் என்னைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்.

தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்

முதலாவது, புன்னங்கத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதன் பருமனையும், எந்த நுணுக்குக்காட்டியில் தெரியும் என்பதையும் எழுதுங்கள். செய்முறையில் கண்டதை மட்டும் வரையுங்கள்.

இரண்டாவது, ஏதேனும் ஒரு பதார்த்தத்தைத் தெரிவு செய்து அது கலத்தினுள் போகும் பாதையை ஒரே தாளில் வரையுங்கள். இன்சுலினாகவும் இருக்கலாம், உமிழ்நீரின் அமிலேசாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, இந்தியத் தமிழ்க் காணொளிகள் பார்ப்பவர்கள் சொற்களை ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எமது கலம் அங்கே செல் அல்லது உயிரணு. எமது சதையி அங்கே கணையம். எமது நுணுக்குக்காட்டி அங்கே நுண்ணோக்கி.

கடைசியாக, படித்ததை வீட்டில் அறிவியல் படிக்காத ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் கேள்வி எந்தக் கடந்தகால வினாத்தாளிலும் இருக்காது. விடை தெரியாவிட்டால் “நாளைக்குச் சொல்கிறேன்” என்று கூறிவிட்டுக் கொப்பியைத் திறவுங்கள். ஆனால் அந்த நாளையைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வாரம் ஊசி போடாமல் இருந்த ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும்.