மொறிஸ் மைனருக்குப் புது எஞ்சின்

வாசிக்க முன்

யூனியன்வில் மெயின் தெருவில் நடந்திருக்கிறீர்களா? அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் உள்ளன. வெளியே பார்த்தால் பழைய சுவர், பழைய யன்னல். உள்ளே போனால் புதிய மின்கம்பி, புதிய விளக்கு, வைஃபை. வெளியே பழையது, உள்ளே புதியது.

ஒரு பழைய காரையும் இப்படிப் புதிதாக்கலாமா? எதை மாற்றலாம்? எதை விட்டுவைக்கலாம்? வாருங்கள், பார்ப்போம்.

1. கராஜில் ஒரு கார்

யூனியன்வில்லில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் மாதம். பனி கரைந்துவிட்டது. கராஜில் ஓர் அப்பப்பாவும் அவருடைய பேத்தியும் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஆமை போல உருண்டையான ஒரு சின்னக் கார் நிற்கிறது. அது 1955 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வந்தது. அதனால் ஸ்டியறிங் வலப்பக்கம் இருக்கிறது, யாழ்ப்பாணத்துக் கார்களைப் போலவே.

மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் 1959 இல் வந்த 'மினி' காரை வடிவமைத்தவரும் அவர்தான். மொறிஸ் மைனர் 16 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. இலங்கைத் தெருக்களிலும் அது நிறைய ஓடியது. இன்றும் சில ஓடுகின்றன.

இந்தக் காரின் எஞ்சின் 803 சிசி. அதன் வலு சுமார் 30 குதிரைவலு. இன்று ஒரு சாதாரணக் குடும்பக் காருக்கே 150 குதிரைவலு இருக்கும்.

"அப்பப்பா, இதெல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுவம்!" என்றாள் பேத்தி.

அப்பப்பா சிரித்தார். "போடலாம் பிள்ளை. ஆனா ஒரு கட்டுப்பாடு. கழட்ட முதல், அது என்ன வேலை செய்யுது எண்டு நீ எனக்குச் சொல்ல வேணும். தெரியாட்டிக் கழட்டக் கூடாது."

2. ஒன்றை மாற்றினால் இன்னொன்று

முதலில் எஞ்சின். அதே குடும்பத்தைச் சேர்ந்த 1275 சிசி எஞ்சின் ஒன்றை அப்பப்பா தேடி வாங்கியிருந்தார். அதன் வலு பழையதைப் போல இரண்டு மடங்கு.

"அப்ப கார் இன்னும் வேகமா ஓடும்!" என்றாள் பேத்தி.

"ஓம். ஆனா நிக்க வேணுமே?" என்று கேட்டார் அப்பப்பா.

அவர் கேட்டதை யோசித்துப் பாருங்கள். பழைய பிறேக், பழைய எஞ்சினின் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. கார் வேகமாக ஓடினால், அதை நிறுத்தப் பிறேக்கும் பலமாக இருக்க வேண்டும். ஆகவே முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் வேண்டும். பழைய கியர்பெட்டி புது எஞ்சினின் வலுவைத் தாங்காது. ஆகவே பலமான கியர்பெட்டி வேண்டும். பெரிய எஞ்சின் அதிகம் சூடாகும். ஆகவே ரேடியேற்றரும் நன்றாக வேலை செய்ய வேண்டும்.

பேத்தி ஒரு கொப்பியில் இப்படி எழுதினாள்:

எஞ்சின் → கியர்பெட்டி → பிறேக் → ரேடியேற்றர்

"ஒரு சாமான் மாத்த வந்தம். நாலு சாமான் மாத்த வேண்டி வந்திட்டுது!" என்றாள்.

3. தீப்பொறியும் மின்சாரமும்

பெற்றோல் எஞ்சின் ஓட மூன்று விடயங்கள் வேண்டும்: பெற்றோல், காற்று, தீப்பொறி. பெற்றோலையும் காற்றையும் கலப்பது காபுரேற்றர். அந்தக் கலவையைக் கொளுத்துவது தீப்பொறி. அது சரியான நேரத்தில் வர வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது.

பழைய காரில் தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிப்பது 'பொயின்ற்' என்ற சின்ன உலோகத் துண்டு. அது திறந்து மூடும். திறக்கும்போது இருக்கும் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீற்றர் மட்டுமே. திறந்து மூடித் திறந்து மூடி அது தேய்ந்துவிடும். அடிக்கடி சரிசெய்ய வேண்டும்.

புதிய முறையில் அந்தத் துண்டு இல்லை. ஒரு காந்தமும் ஒரு சென்சரும் இருக்கும். அவை ஒன்றோடொன்று உரசுவதில்லை. ஆகவே தேய்வும் இல்லை. இதை இலத்திரனியல் தீமூட்டல் என்கிறோம்.

அடுத்தது மின்சாரம். பழைய காரில் மின்சாரம் உண்டாக்குவது டைனமோ. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் டைனமோ போதிய மின்சாரம் தராது. இரவில் சிக்னலில் நின்றால் முன்விளக்கு மங்கும். ஒல்ரனேற்றர் அப்படி இல்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அது நல்ல மின்சாரம் தரும்.

இன்றைய கார்களில் காபுரேற்றரும் இல்லை. எவ்வளவு காற்று வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடு என்று சென்சர்கள் அளக்கின்றன. ஒரு கணினி கணக்குப் பார்த்து, தேவையான அளவு பெற்றோலை விசிறுகிறது.

"அப்ப இந்தக் காபுரேற்றரையும் கழட்டுவமா?" என்று பேத்தி கேட்டாள்.

அப்பப்பா உடனே பதில் சொல்லவில்லை. காபுரேற்றரை ஒரு துணியால் துடைத்தார். பிறகு சொன்னார்: "இது இருக்கட்டும் பிள்ளை. இதுக்கு ஒரு கதை இருக்கு."

4. மண்ணெண்ணெயில் ஓடிய கார்

1990 இல் போர் மீண்டும் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடை செய்யப்பட்டது. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் கொஞ்சம் கிடைத்தது. விலையோ மிக அதிகம். ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமே? மக்கள் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

அது எப்படி? மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலேசாக ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் தீப்பிடிக்காது. ஆகவே முதலில் சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகும். கார் புகை கக்கிக்கொண்டு ஓடும்.

"ஒரு சின்னப் போத்தில்ல பெற்றோல் வச்சிருப்பம். அது தங்கம் மாதிரி," என்றார் அப்பப்பா. "ஒருநாள் இரவு உன்ர அப்பாவுக்குக் கடும் காய்ச்சல். போத்தில்ல கொஞ்சம்தான் கிடந்தது. எஞ்சின் முதல்தரம் பிடிக்கேல்லை. இரண்டாந்தரமும் பிடிக்கேல்லை. காபுரேற்றரில காதை வச்சுக் கேட்டன். காத்து கூடப் போகுது எண்டு விளங்கிச்சு. கையால பாதி மூடிப் பிடிச்சன். கடைசித் துளியில ஸ்ராட் வந்தது."

பேத்தி பேசாமல் நின்றாள். அவளுடைய அப்பாவுக்கு அப்போது மூன்று வயது.

இதில் ஓர் அறிவியல் உண்மை இருக்கிறது. பழைய எஞ்சின்கள் பெற்றோல்–காற்றுக் கலவையைக் குறைவாகவே அமுக்கும். அதனால் தரம் குறைந்த எரிபொருளிலும் ஓடும். கலவையை அதிகம் அமுக்கும் எஞ்சினில் மண்ணெண்ணெய் விட்டால், அது நேரத்துக்கு முன் வெடித்து எஞ்சினைத் தட்டும், பழுதாக்கும். பழைய கார் வேகம் குறைந்தது. ஆனால் அந்தக் குறையே அப்போது உதவியது.

அந்தக் காலத்தில் வானொலி கேட்கவும் பற்றரி கிடைக்கவில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலை மிதிப்பார்கள். சைக்கிள் டைனமோ சுற்றும். அந்த மின்சாரத்தில் வானொலி பாடும், செய்தி சொல்லும். காரின் டைனமோவுக்கும் சைக்கிள் டைனமோவுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சுற்றினால் மின்சாரம்.

5. "பொறுங்கோ அப்பப்பா!"

யூன் மாதம் வந்தது. புது எஞ்சின், பலமான கியர்பெட்டி, டிஸ்க் பிறேக், ஒல்ரனேற்றர், இலத்திரனியல் தீமூட்டல் எல்லாம் பூட்டி முடிந்தன. பற்றரியைக் கொழுவ வேண்டியதுதான் மிச்சம்.

அப்பப்பா பற்றரியின் பிளஸ் முனையைக் காரின் உடலோடு சேர்க்கும் கம்பியைக் கையில் எடுத்தார். பழைய பிரித்தானியக் கார்களில் அப்படித்தான். பிளஸ் முனை உடலோடு சேரும். இளம் வயதில் இருந்தே அவருடைய கை அப்படித்தான் பழகியிருந்தது.

பேத்தி புதுச் சாமான்களோடு வந்த கடதாசியை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"பொறுங்கோ அப்பப்பா! கொழுவாதேங்கோ!"

அப்பப்பாவின் கை அப்படியே நின்றது.

"இந்த ஒல்ரனேற்றருக்கு மைனஸ்தான் உடம்போட சேர வேணுமாம். மாறிக் கொழுவினா இரண்டும் எரிஞ்சுபோகுமாம். இதில எழுதிக் கிடக்கு."

அப்பப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். பிறகு கம்பியைக் கீழே வைத்தார்.

"கழட்ட முதல் கேள் எண்டு நான் உனக்குச் சொன்னன்," என்றார். "பூட்ட முதல் கேளுங்கோ எண்டு நீ எனக்குச் சொல்லிப்போட்டாய்."

இருவரும் பற்றரியைத் திருப்பி வைத்தார்கள். மைனஸ் முனையை உடலோடு சேர்த்தார்கள். எஞ்சின் முதல்தரமே பிடித்தது.

6. கை காட்டும் கார்

ஒரு பொருளை மட்டும் பேத்தி கழற்ற விடவில்லை. அந்தக் காலத்து மொறிஸ் மைனரில் திரும்பும்போது மின்னும் விளக்கு இல்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். ஒரு மின்காந்தம் அதை இழுத்து உயர்த்தும். கைக்குள் ஒரு சின்ன விளக்கு எரியும். 1961 இல் மொறிஸ் மைனரில் இந்தக் கைக்குப் பதிலாக மின்னும் விளக்கு வந்தது.

இன்றைய தெருவில் அந்தக் கையை எல்லோரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே பாதுகாப்புக்காக மின்னும் விளக்குகளையும் பூட்டினார்கள். கையும் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது.

பழைய 803 சிசி எஞ்சினை என்ன செய்தார்கள்? எறியவில்லை. கராஜின் மூலையில் ஓர் இரும்புத் தாங்கியில் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அப்பப்பா பேத்திக்குப் பொயின்ற் இடைவெளி சரிபார்க்கப் பழக்குகிறார். காபுரேற்றரின் சத்தத்தைக் கேட்கவும் பழக்குகிறார்.

"இப்ப காத்துக் கூடவோ, குறையவோ?" என்று கேட்பார்.

பேத்தி கண்ணை மூடிக் கேட்பாள். "கூட, அப்பப்பா."

"சரி. அப்ப என்ன செய்ய வேணும்?"

தெரியுமா?

யூனியன்வில்லுக்குக் கிழக்கே ஒஷாவா நகரம் இருக்கிறது. அங்கே மக்லாக்லின் குடும்பம் குதிரை வண்டி செய்துவந்தது. 1907 இல் அவர்கள் கார் செய்யத் தொடங்கினார்கள். காரின் உடலை அவர்களே செய்தார்கள். எஞ்சினோ அமெரிக்காவின் பியூக் நிறுவனத்துடையது. ஒருவர் செய்த உடலுக்குள் இன்னொருவர் செய்த எஞ்சினைப் பூட்டுவது புதிய பழக்கம் அல்ல!

கவனம்: காரின் பற்றரி, பெற்றோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பெரியவர்கள் இல்லாமல் தொடக் கூடாது.

சொல்லும் பொருளும்

சில்லு – சக்கரம்
கொழுவுதல் – இணைத்தல், மாட்டுதல்
பூட்டுதல் – பொருத்துதல்
கொப்பி – எழுதும் புத்தகம்
கடதாசி – காகிதம்
இலத்திரனியல் – மின்னணுவியல்
மின்காந்தம் – மின்சாரம் பாயும்போது மட்டும் காந்தமாகும் பொருள்

பேச்சும் எழுத்தும்

கழட்ட முதல் – கழற்றுவதற்கு முன்
என்ன செய்யுது – என்ன செய்கிறது
பிடிக்கேல்லை – பிடிக்கவில்லை
மாத்துவம் – மாற்றுவோம்
பொறுங்கோ – பொறுங்கள்
எழுதிக் கிடக்கு – எழுதியிருக்கிறது

பயிற்சிகள்

அ. விடை எழுதுங்கள்.
1. எஞ்சினை மாற்றினால் பிறேக்கையும் ஏன் மாற்ற வேண்டும்?
2. மண்ணெண்ணெயில் ஓடும் காரை இயக்க முதலில் பெற்றோல் ஏன் தேவைப்பட்டது?
3. அப்பப்பா பற்றரியை ஏன் மாறிக் கொழுவப் பார்த்தார்? பேத்தி அதை எப்படி அறிந்தாள்?

ஆ. கணக்குப் பாருங்கள்.
நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒருமுறை சுற்றும்போது 2 தீப்பொறி வேண்டும். எஞ்சின் ஒரு நிமிடத்தில் 3000 முறை சுற்றினால், ஒரு நிமிடத்தில் எத்தனை தீப்பொறி? ஒரு செக்கனில் எத்தனை?

இ. எழுத்துத் தமிழில் மாற்றுங்கள்.
1. "இதுக்கு ஒரு கதை இருக்கு."
2. "கடைசித் துளியில ஸ்ராட் வந்தது."

ஈ. கேட்டு வாருங்கள்.
உங்கள் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள்: "நீங்கள் சின்ன வயதில் எந்தப் பொருளை உங்கள் கையாலேயே திருத்தினீர்கள்? எப்படித் திருத்தினீர்கள்?" அவர் சொல்வதை அவருடைய பேச்சிலேயே ஐந்து வரிகளில் எழுதி வகுப்பில் வாசியுங்கள்.

உ. பேசுவோம்.
அந்தக் காபுரேற்றரையும் கழற்றி, கணினி வைத்த எஞ்சினைப் பூட்டியிருந்தால் என்ன நன்மை? என்ன இழப்பு? இரண்டு அணிகளாகப் பிரிந்து பேசுங்கள்.