முறையிடவும் நமக்கு உரிமை உண்டு

வாசிக்க: திருப்பாடல் 13, திருப்பாடல் 88, யோபு 42: 7-9



சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் பூசை முடிந்தபின், ஒரு தாய் கோவில் வாசலில் காத்து நின்றார். 2009ஆம் ஆண்டில் காணாமற்போன மகனை இன்னமும் தேடிக்கொண்டிருப்பவர். “சுவாமி, செபமாலையைக் கையில் எடுத்தால் செபம் வருகுதில்லை, கோபம்தான் வருகுது. கடவுளோட கோபிக்கிறது பாவமோ? பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேணுமோ?” என்று கேட்டார். அயலவர்கள் அவரிடம், “அழாதேயுங்கோ, எல்லாம் கடவுளின் சித்தம்” என்று சொல்லியிருந்தார்கள். நல்லெண்ணத்துடன் சொன்ன அந்த வார்த்தை அவருடைய வாயை அடைத்ததேயன்றி, மனதை ஆற்றவில்லை.

அவருக்கு நான் விரிவுரை எதுவும் செய்யவில்லை. திருப்பாடல் 13ஐ வாசித்துக் காட்டினேன். பழைய செபப் புத்தகங்களில் இது 12ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள் கொண்ட சிறிய செபம்.

முறைப்பாடு, மன்றாட்டு, நம்பிக்கை

இந்தச் செபம் மூன்று படிகளாக அமைந்துள்ளது. முதல் இரு வசனங்களில் முறைப்பாடு. இன்னும் எத்தனை காலத்துக்கு என்ற கேள்வியை அடியார் ஒருமுறையன்று, நான்குமுறை கடவுளிடம் கேட்கிறார். கடவுள் தம்மை மறந்துவிட்டார், முகத்தை மறைத்துக்கொண்டார் என்று நேருக்கு நேராகவே சொல்லுகிறார். அடுத்த இரு வசனங்களில் மன்றாட்டு: என்னைப் பாரும், பதில் தாரும், இல்லையேல் செத்துப்போவேன். இறுதி இரு வசனங்களிலேதான் நம்பிக்கையும் புகழ்ச்சியும் வருகின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் அடியாரின் நிலைமை மாறியதாக எந்தக் குறிப்பும் இல்லை. பகைவன் போய்விடவில்லை, துன்பமும் தீரவில்லை. ஆனாலும், முன்பு தமக்கு இரக்கம் காட்டிய ஆண்டவரை அவர் நினைவுகூருகிறார். மனதிலுள்ளதைக் கொட்டித் தீர்த்த பின்னரே அந்த நினைவுக்கு இடம் உண்டாகிறது. முறைப்பாட்டை விழுங்கிவிட்டு நேரே புகழ்ச்சிக்குப் பாய வேண்டும் என்று திருமறை நம்மைக் கேட்கவில்லை.

எபிரேய மொழியில் திருப்பாடல் நூலின் பெயருக்குப் ‘புகழ்ச்சிகள்’ என்பது பொருள். ஆயினும் அதிலுள்ள 150 பாடல்களுள் மிகுதியானவை புலம்பல் வகையைச் சேர்ந்தவையே. கடவுளை நோக்கி அழுவதும் அவரைப் புகழும் ஒரு வழி என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இருளிலே முடியும் செபம்

சிலருக்கு அந்த ஐந்தாம் வசனம் வருவதே இல்லை. அவர்களுக்காகத் திருப்பாடல் 88 இருக்கிறது. இந்தச் செபம் இருளில் முடிகிறது. ஆறுதலான ஒரு வார்த்தைகூட இறுதியில் இல்லை. எனினும், திருச்சபை இதனை ஒதுக்கிவிடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் குருக்களும் துறவியரும் சொல்லும் இரவுச் செபத்திலே இதனை வைத்திருக்கிறது. தங்கள் இருளைச் சொல்ல வார்த்தையில்லாதவர்களுக்காக அன்றிரவு திருச்சபையே அதைச் சொல்லுகிறது.

நம் ஆண்டவரும் சிலுவையில் தொங்கியபோது, கைவிடப்பட்டவரின் செபமாகிய திருப்பாடல் 22இன் தொடக்கத்தையே தமது தாய்மொழியில் கதறினார் என மத்தேயுவும் மாற்கும் எழுதியுள்ளனர். கடவுளின் திருமகன் கேட்ட கேள்வியை நாமும் கேட்பது எங்ஙனம் பாவமாகும்? கடவுளைவிட்டு விலகிப் போய் முறுமுறுப்பது ஒன்று. அவர் முன்னிலையில் நின்று முறையிடுவது வேறொன்று. முறையிடுபவர் இன்னும் உறவை முறிக்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போகும் நமக்கு

யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் மௌனமாக இருந்தார்கள். அவர்கள் செய்த நன்மை அதுவே. வாய் திறந்தபின், துன்பத்துக்குக் காரணம் யோபுவின் பாவமே என்று கடவுளுக்காக வழக்காடினார்கள். முடிவில் கடவுள் யாரைக் கண்டித்தார்? முறையிட்ட யோபுவையும் அவர் கேள்விகளால் பணியவைத்தார். ஆனால், தம்மைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று குற்றஞ்சாட்டியது அந்த நண்பர்களையே. 2004இல் கடல்கோள் வந்தபோதும், 2019இல் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தபோதும், “இது இன்ன பாவத்துக்குத் தண்டனை” என்று சொன்னவர்கள் உண்டு. நாம் அவ்விதம் பேசாதிருப்போமாக. துயரப்படுவோர் அருகில் இருப்போம். அவர்கள் கேட்டால் ஒரு திருப்பாடலை மெதுவாக வாசிப்போம்.

காயங்களோடு வந்த சமாதானம்

அந்தத் தாய் சில மாதங்களின் பின் மீண்டும் வந்தார். மகனைப்பற்றித் தகவல் ஏதும் கிடைக்கவில்லை. “இப்ப சண்டை பிடிச்சாவது அவரோட கதைக்கிறன், சுவாமி” என்றார். அதுவே செபம்.

இயேசு தம் சீடருக்குச் சமாதானத்தை விட்டுச்சென்றது பாடுகளுக்கு முந்திய இரவில். உயிர்த்தெழுந்து வந்து சமாதானம் கூறியபோதும் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். காயங்கள் அங்கேயே இருந்தன. வேதனை முழுவதும் மறைந்த பின்னர்தான் சமாதானம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். பூட்டிய கதவுக்குள்ளும், காயத்தோடும் அது வரும்.

இவ்வாரம் குடும்பச் செபத்தில்

1. திருப்பாடல் 13ஐ ஒருவர் உரத்து வாசிக்கட்டும். இரண்டாம் வசனத்தின் பின் சற்று மௌனமாயிருந்து, ஒவ்வொருவரும் தம் முறைப்பாட்டை மனதுக்குள் சொல்லட்டும்.

2. நம் வீட்டில் அழ இடமின்றி இருப்பவர் யார்? சிறு பிள்ளைகளையும் மறவாதிருங்கள்.

3. நமது அயலில் எந்த வீட்டுக்கு நாம் பேசாமல் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்?