மூடிய நிறுவனமும் மூடாத உரிமையும்

முன்னுரை

வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோர் இல்லாத தெரு நம் பகுதியில் அரிது. அவர்தம் வீட்டுப் பெட்டிகளில் காலாவதியான பாஸ்போர்ட்டும், பழைய இகாமாவின் நகலும், அரபு எழுத்தில் அச்சிட்ட சில தாள்களும் கிடக்கக் காண்கிறோம். “கம்பெனியையே மூடிவிட்டார்கள், இனி யாரிடம் போய்க் கேட்பது?” என்ற பெருமூச்சோடு அத்தாள்களின் கதை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அக்கேள்விக்கு விடை உண்டா என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

மூவகைத் தொகை

தொழிலாளிக்கு வரவேண்டிய பணத்தை மூவகையாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, முதலாளி நேரே தரவேண்டியது. நிலுவைச் சம்பளமும், எடுக்காத விடுப்புக்குரிய சம்பளமும், பணிக்கொடையும் இதில் அடங்கும். இரண்டாவது, அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனம் தரவேண்டியது. மூன்றாவது, முதலாளி தவறும்போது காப்பீட்டுத் திட்டம் வழி வருவது.

முதலாளியின் கையில் தங்கிய பணம் அவர் வீழ்ந்தால் அவரோடு வீழக்கூடும். பொதுநிதியில் சேர்ந்த பணமோ அவர் வீழ்ந்தாலும் நிற்கும். இவ்வேறுபாட்டை அறியாதார் நிற்கும் பணத்தையும் வீழ்ந்த பணமென எண்ணிக் கைவிட்டுவிடுகின்றனர்.

முதலாளியிடம் உள்ள தொகை

சவூதி அரேபியாவின் 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பணிக்கொடையானது முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு ஒருமாதச் சம்பளம் எனக் கணக்கிடப்படும். இறுதியாகப் பெற்ற சம்பளமே கணக்குக்கு அடிப்படை. சான்றாக, 1,500 ரியால் சம்பளத்தில் எட்டு ஆண்டுகள் உழைத்தவரை நிறுவனமே நீக்கினால், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இரண்டரை மாதச் சம்பளமும், பின்னைய மூன்று ஆண்டுகளுக்கு மூன்று மாதச் சம்பளமுமாக 8,250 ரியால் அவருக்குச் சேரவேண்டும். தாமே பணி விலகினால் பணிக்காலத்திற்கேற்ப இத்தொகை குறையும்.

நிறுவனம் திவாலானால் என்ன ஆகும்? அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, தொழிலாளிக்குரிய தொகையை முதன்மைக் கடனாக மதிக்கிறது. ஏனைய செலவுகளைத் தீர்க்குமுன் ஒருமாதச் சம்பளத்திற்கு ஈடான தொகையை உடனே தரவேண்டும் என்றும் விதிக்கிறது. நிறுவனம் கைமாறினால் பழைய ஒப்பந்தங்கள் தொடரும் என 18ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே பெயர்ப்பலகை மாறியதாலேயே உரிமை மாய்ந்துவிடுவதில்லை.

எனினும் காலவரையறை ஒன்றுண்டு. பணி முடிந்து 12 மாதங்கள் கடந்தபின், தக்க காரணமின்றித் தொடுக்கும் வழக்கை 234ஆம் பிரிவு ஏற்பதில்லை. “அடுத்த மாதம் தருகிறோம்” என்னும் வாய்ச்சொல்லை நம்பி எக்ஸிட்டில் ஊர் திரும்பி, ஓராண்டு காத்திருந்தோர் இழந்தது இவ்விடத்திலேயாம்.

பொதுநிதியில் உள்ள தொகை

சவூதி அரேபியாவில் சமூகக் காப்பீட்டுச் சட்டம் 1969இல் பிறந்தது. அதன் ஓய்வூதியப் பிரிவில் 1987 வரை அயல்நாட்டுத் தொழிலாளரும் சேர்க்கப்பட்டிருந்தனர். அவ்வாண்டில் அவர்கள் அப்பிரிவிலிருந்து விலக்கப்பட்டபோது, அவர்கள் செலுத்தியிருந்த சந்தாவைத் திரும்பப் பெறும் உரிமை எழுந்தது. பாட்டனார் சேர்த்த அப்பணம் முதலாளியின் பெட்டியில் இருந்ததன்று. காப்பீட்டு நிறுவனத்தின் ஏட்டில் அவரவர் பெயரில் பதிந்திருந்ததாகும்.

பணிவிபத்துப் பிரிவோ இன்றும் அயல்நாட்டாருக்கு உண்டு. இதற்கான இரண்டு விழுக்காட்டை முதலாளியே செலுத்துகிறார். பணியிடத்தில் கை இழந்தவரின் இழப்பீடு காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு என்பதால், அவர் உழைத்த பட்டறை பின்னர் மூடப்பட்டாலும் கோரிக்கை மூடப்படுவதில்லை.

பஹ்ரைன் நாடு இன்னும் ஒருபடி முன்சென்றது. 2024 மார்ச் முதல் அயல்நாட்டுத் தொழிலாளரின் பணிக்கொடையை முதலாளி மாதந்தோறும் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் கட்டிவர வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சம்பளத்தில் 4.2 விழுக்காடு, அதன்பின் 8.4 விழுக்காடு. ஆண்டுக்கு அரைமாதம், ஒருமாதம் என்ற பழைய கணக்கையே பன்னிரண்டாகப் பகுத்த அளவு இது. பணி முடிந்ததும் தொழிலாளி அந்நிறுவனத்திடமே பெற்றுக்கொள்ளலாம். 2024 மார்ச்சுக்கு முந்திய பணிக்காலத்திற்கு மட்டும் முதலாளியே பொறுப்பாவார்.

காப்பீட்டு வழிகள்

சவூதி அரேபியாவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திட்டம், முதலாளி சம்பளம் தராது தவறும்போது குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு 17,500 ரியால் வரை ஈடு தருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயமாயிற்று. பன்னிரண்டு மாதம் சந்தா கட்டியவர், வேலையிழந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பித்தால், அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை மூன்று மாதம் வரை பெறலாம்.

இரு படிப்பினைகள்

எண்ணெய் விலை வீழ்ச்சியை அடுத்துச் சவூதியின் பெரிய கட்டுமான நிறுவனங்கள் சில தளர்ந்தன. 2016இல் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர் சம்பளமின்றி முகாம்களில் தவித்தனர். கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டுத் தாயகம் திரும்புமாறு அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அவர்களைக் கேட்டுக்கொண்டார். பதிவு செய்துவிட்டு என்பதே அங்குக் கருதத்தக்க சொல்.

அதே நெருக்கடியில் சிக்கிய பிலிப்பைன்ஸ் தொழிலாளர் ஏறத்தாழ 10,000 பேருக்காக அவர்தம் அரசு விடாது வாதாடியது. 2022 நவம்பரில் சவூதி அரசு 200 கோடி ரியால் ஒதுக்குவதாக உறுதியளித்தது. 2024இல் காசோலைகள் வீடு வந்து சேரத் தொடங்கின. நிறுவனம் வீழ்ந்து ஏழெட்டு ஆண்டுகள் கழித்தும், கோரிக்கையைக் கைவிடாத அரசின் முயற்சியால் பணம் வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

செய்யத்தக்கன

நாடு திரும்புமுன் தொழிலாளி காத்துவைக்க வேண்டியவை:

1. ஒப்பந்தம், இகாமா, பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்கள்.
2. சம்பளம் வரவான வங்கிக் கணக்கின் விவரம்; வங்கிவழி வந்த சம்பளத்தை மறுத்தல் அரிது.
3. பணிச்சான்றிதழ், சவூதிச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி இதனைக் கட்டணமின்றித் தருதல் முதலாளியின் கடமை.
4. சமூகக் காப்பீட்டுப் பதிவு எண்.
5. தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்த மனுவின் எண். வழக்கு முடியுமுன் திரும்ப நேர்ந்தால், தமக்காக வழக்கை நடத்தத்தக்க ஒருவருக்கு எழுதித்தந்த அதிகாரப் பத்திரம்.

நிறுவனம் மூடப்பட்டதெனக் கேட்டவுடன் இந்தியத் தூதரகத்திற்கு எழுதுதல் வேண்டும். 2015இல் வெளியுறவு அமைச்சகம் தொடங்கிய ‘மதத்’ இணைய வாயிலிலும் முறையிடலாம்.

முடிவுரை

உழைப்புக்குரிய பணத்தை ஒருவரின் நாணயத்தை மட்டும் நம்பி விடுதல் தகாது. பொதுநிதியில் சேர்ப்பதே காவல். பஹ்ரைன் கண்ட வழியை ஏனைய நாடுகளும் கட்டாயமாக்கவேண்டும் என நம் அரசு பேசுதல் வேண்டும்.

மாணவர் செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. பெட்டிக்குள் கிடக்கும் அவ்வரபுத் தாள்களை அரபு கற்ற மாணவர் படித்துச் சொல்ல, தமிழ் மாணவர் அதனைத் தெளிந்த தமிழில் எழுதித் தரலாம். சிலவற்றில் காலம் கடந்திருக்கலாம், சிலவற்றில் கடந்திராது. எது எதுவெனப் படித்துப் பார்த்தாலன்றித் தெரியாது. கற்ற மொழி பெற்றோரின் வியர்வைக்கு விலை கேட்க உதவுமாயின், அதனினும் மேலான பயன் நம் கல்விக்கு வேறில்லை.