கன்மேன் வேலைக்குப் போகிறீர்களா? துப்பாக்கிக்கு முன்னால் வண்டியைப் பாருங்கள்

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து கோலார் தங்கவயலின் பிழைப்பு ரயிலேறிப் போய்விட்டது. மாரிக்குப்பத்திலும் கோரமண்டலிலும் உரிகத்திலும் விடியலில் ஏறிப் பெங்களூர் போகும் கூட்டத்தில் செக்யூரிட்டி சீருடைக்காரர்களைப் பார்க்காத நாளில்லை. அவர்களில் பலருக்கு அடுத்த படி கன்மேன் வேலை. கேஷ் வேன், வங்கி, நகைக்கடை என்று எங்கே போனாலும் வெறுங்கையோடு நிற்கும் காவலரைவிடத் துப்பாக்கிக்காரருக்குச் சம்பளம் கூடுதல். சேரப்போகும் இளைஞர்களிடம் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "நாம ரெண்டு பேரு, அவங்க ஆறு பேரு வந்தா எந்தத் துப்பாக்கி சார் கைகொடுக்கும்?"

கேள்வி நியாயமானது. ஆனால் ஆள் குறைவாக இருக்கும் பக்கத்துக்குத் துப்பாக்கி வெற்றியை வாங்கித் தராது, கொஞ்சம் நேரத்தைத்தான் வாங்கித் தரும். கதவைப் பூட்ட, வண்டியைக் கிளப்ப, சைரனை அழுத்த ஒரு அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தைப் பயன்படுத்திக்கொள்ள வண்டியும் கூட்டாளியும் கம்பெனியும் சரியாக இல்லையென்றால், கையில் எதைக் கொடுத்தாலும் பலனில்லை. ஆகவே தேர்வு தொடங்க வேண்டிய இடம் கம்பெனி.

கர்நாடகத்தில் 2025இல் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். ஜனவரி 16 அன்று பீதர் நகரில் ஏடிஎம்மில் நிரப்பப் பணம் எடுத்துப்போன ஊழியர்களைப் பட்டப்பகலில் பைக்கில் வந்த இரண்டே பேர் மடக்கினார்கள். மிளகாய்ப் பொடியைத் தூவினார்கள், சுட்டார்கள், பணப்பெட்டியோடு போனார்கள். ஒரு ஊழியர் அங்கேயே இறந்தார், இன்னொருவர் படுகாயம் அடைந்தார். அவர்களோடு அன்று கன்மேன் இல்லை. இங்கே தலைக்கணக்கில் யாரும் குறைந்துவிடவில்லை. ஒரு பக்கம் ஆயுதம், மறு பக்கம் வெறுங்கை, அவ்வளவுதான்.

நவம்பர் 19 அன்று பெங்களூரில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஜெயநகர் அசோகா பில்லர் அருகே ஒரு கேஷ் வேனை நிறுத்தியவர்கள் தங்களை ரிசர்வ் வங்கி அதிகாரிகள் என்று சொன்னார்கள். வண்டியில் துப்பாக்கியோடு காவலர்கள் இருந்தும் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. அவர்களை வண்டியிலிருந்து பிரித்தார்கள், பிறகு 7.11 கோடி ரூபாயைக் கொண்டுபோனார்கள். போலீஸ் சில நாட்களில் பெரும் பகுதியை மீட்டது. கைதானவர்களில் ஒரு போலீஸ் கான்ஸ்டபிளும், அதே கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவரும் இருந்தார்கள். உள்ளே இருந்து வழி தெரிந்தவர் திட்டம் போட்டால் டபுள் பேரலும் ரிவால்வரும் என்ன செய்யும்? "யார் மறித்தாலும் ஒருவரும் இறங்கக் கூடாது, கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு அடையாளத்தை உறுதி செய்துகொண்டுதான் பேச்சு" என்ற ஒழுங்கு மட்டும்தான் அங்கே வேலை செய்திருக்கும். அந்த ஒழுங்கைக் கம்பெனி எழுதி வைத்திருக்கிறதா, மாதம் ஒரு முறையாவது ஒத்திகை பார்க்கிறதா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், போகப்போவது உங்கள் உயிர்.

கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. கேஷ் வேன் பாதுகாப்புக்கு மத்திய உள்துறை அமைச்சகம் 2018 ஆகஸ்டில் மாதிரி விதிகளை வெளியிட்டது. அதன்படி ஒரு வண்டியில் ஓட்டுநர், ஆயுதம் தாங்கிய காவலர் இருவர், பணத்துக்குப் பொறுப்பான கஸ்டோடியன் இருவர் இருக்க வேண்டும். ஒரு காவலர் முன்னால் ஓட்டுநர் பக்கம், மற்றவர் பின்னால். ஏற்றி இறக்கும்போதும், டீ குடிக்கப் போனாலும், ஒதுங்கப் போனாலும் ஒரு காவலராவது வண்டியோடு இருந்தே ஆக வேண்டும். ஒரு நடையில் 5 கோடிக்கு மேல் ஏற்றக் கூடாது. நகரங்களில் இரவு 9 மணிக்குப் பிறகும் கிராமங்களில் மாலை 6 மணிக்குப் பிறகும் ஏடிஎம்மில் பணம் நிரப்பக் கூடாது. ஜிபிஎஸ், கேமரா, சைரன், அவசர எண்ணுக்குத் தானாக அழைக்கும் கருவி எல்லாம் வண்டியில் இருக்க வேண்டும். 5 கோடி வரம்பையும் பெங்களூரில் போன 7.11 கோடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விதி எதற்கு என்று விளங்கும்.

வேலைக்குச் சேரும் முன் அந்த வண்டியை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். பின்கதவு உள்ளிருந்து பூட்டுகிறதா? சைரன் கத்துகிறதா? முன் சீட்டில் உட்கார்ந்தால் நீளத் துப்பாக்கியைத் திருப்ப இடம் இருக்கிறதா? "ரெண்டாவது கன்மேன் நாளைக்கு வருவாரு, இன்னைக்கு நீங்க ஒருத்தரே பாத்துக்குங்க" என்று சொல்லும் கம்பெனியில் ஒரு நாளும் ஏறாதீர்கள். ஆள் குறைவு கொள்ளைக்காரர்களால் வருவதைவிடக் கம்பெனியின் சிக்கனத்தால் வருவதே அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

தகுதியும் லைசென்ஸும்

தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005இன் கீழ் உரிமம் பெற்ற ஏஜென்சியில்தான் சேர வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை உண்டு. காவலருக்கு வயது 18 முதல் 65. மத்திய மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் இது 40 மணியும் 16 மணியும். உயரம் 160 செ.மீ., பெண்களுக்கு 150. ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓட வேண்டும். நிறக்குருடு இருக்கக் கூடாது, காது நன்றாகக் கேட்க வேண்டும். சுரங்கத்தில் டிரில் மெஷினோடு காலம் தள்ளிய அப்பாக்களுக்குக் காதும் நுரையீரலும் போய்விட்டன. பிள்ளைகளாவது ஆரம்பத்திலேயே ஒரு பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

துப்பாக்கி வைத்திருக்க வயது 21 ஆக வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தங்கவயல்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டிய இடம் கோலார் டிசி ஆபீஸ். ஆனால் தங்கவயல் (கே.ஜி.எஃப்.) தனிப் போலீஸ் மாவட்டம் என்பதால் விசாரணை இங்குள்ள எஸ்.பி. அலுவலகத்தின் வழியாக நடக்கும். 2016ஆம் ஆண்டு விதிகள் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழையும் கேட்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும், ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம்.

லைசென்ஸில் எந்தப் பகுதி வரை செல்லும் என்று எழுதியிருப்பதை இரண்டு தடவை படியுங்கள். கோலார் மாவட்டத்துக்குள் மட்டும் செல்லும் லைசென்ஸோடு பெங்களூரில் நிற்பது குற்றம், வழக்கு கம்பெனி மேல் அல்ல உங்கள் மேல்தான் விழும். வெளிமாநிலத்தில் பணம் கொடுத்தால் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஜம்மு காஷ்மீரில் அப்படி வழங்கப்பட்டவை பற்றிச் சிபிஐ வழக்கே நடக்கிறது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலில் இருப்பவர்கள் விலக்குக் கேட்டு முன்கூட்டியே மனுப் போடலாம். அந்த விலக்குக் கடிதத்தை வாங்கித் தருவது கம்பெனியின் வேலை, அதையும் நேர்காணலில் கேட்டுவிடுங்கள்.

எந்தத் துப்பாக்கி?

சினிமாவில் பார்க்கும் எதுவும் இங்கே கிடையாது. தானியங்கி ஆயுதங்களும், 9 எம்எம், .303 போன்ற தடை செய்யப்பட்ட ரகங்களும் சாதாரண லைசென்ஸுக்குள் வராது. கன்மேன் கையில் பெரும்பாலும் இருப்பது 12 போர் டபுள் பேரல். சிலரிடம் பம்ப் ஆக்‌ஷன், சிலரிடம் .32 ரிவால்வர்.

டபுள் பேரலின் பலம் அதன் எளிமை. சிக்காது, பராமரிப்பு குறைவு, பார்த்தவுடனே எதிராளி தயங்குவான். பலவீனமும் வெளிப்படை: இரண்டு தோட்டா, அதற்குப் பிறகு துப்பாக்கியை மடக்கித் திறந்து காலித் தோட்டாவை எடுத்துப் புதியதைப் போட வேண்டும். எவ்வளவு பழகினாலும் சில நொடிகள் ஆகும். எதிரே மூன்றாவது ஆள் இருந்தால் அந்த நொடிகள் அவனுடையவை. அதனால் டபுள் பேரல்காரர் தனியாக நிற்கவே கூடாது. இருவரும் ஒரே நேரத்தில் சுட்டுத் தீர்த்துவிடவும் கூடாது. ஒருவர் தோட்டா போடும்போது மற்றவரிடம் தோட்டா இருக்க வேண்டும்.

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை தயாரித்த 12 போர் பம்ப் ஆக்‌ஷனில் தொடர்ந்து கூடுதல் தோட்டாக்கள் கிடைக்கும். ஆள் குறைவு என்ற ஒரே கோணத்தில் பார்த்தால் அது மேல். ஆனால் பழக்கமில்லாத கையில் பதற்றத்தில் பாதி இழுத்துப் பாதியில் விட்டுச் சிக்கவைப்பவர்கள் உண்டு. பயிற்சிக்குத் தோட்டா கொடுக்காத கம்பெனியில் டபுள் பேரலே நல்லது என்பேன்.

கான்பூரில் செய்யும் .32 ரிவால்வரில் ஆறு தோட்டா. வேன் கேபினுக்குள் நீளத் துப்பாக்கி திரும்பாது, அங்கே இது திரும்பும். ஆனால் தூரம் கூடினால் குறி தவறும், விலையும் அதிகம். ஒரு வண்டியில் இருவர் என்றால் முன்னால் இருப்பவரிடம் கைத்துப்பாக்கியும் பின்னால் இறங்கி நிற்பவரிடம் நீளத் துப்பாக்கியும் இருப்பது நல்ல சேர்க்கை. இருவருக்கும் ஒரே மாதிரி கொடுத்து அனுப்புவது கம்பெனிக்குத்தான் வசதி.

12 போர் தோட்டாவில் இருந்து பல குண்டுகள் சிதறிப் போகும் என்பதை மறக்காதீர்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் மாதிரி நெரிசலான இடத்தில் ஒரு வெடியில் வழிப்போக்கரும் விழலாம்.

உடம்பில் என்ன இருக்க வேண்டும்?

குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கு ஐஎஸ் 17051 என்ற இந்தியத் தரம் 2018இல் வந்தது. கம்பெனி கொடுக்கும் ஜாக்கெட்டில் தர நிலையும் காலாவதித் தேதியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எடை குறைந்த ரகம் கைத்துப்பாக்கிக் குண்டைத் தாங்கும், ரைஃபிளைத் தாங்காது. கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அடுத்தது துப்பாக்கியின் வார். பலர் துப்பாக்கியை முதுகுப் பக்கம் தொங்கவிட்டுச் செல்போன் பார்க்கிறார்கள். முன்புறம், கைக்கு எட்டும்படி மாட்டும் வார்தான் வேண்டும். தோட்டா பெல்ட்டை எப்போதும் ஒரே பக்கம் கட்டுங்கள், கை தானாகப் போகும். மிளகாய்ப் பொடியை நினைத்துக் கண்ணை மூடும் கண்ணாடி ஒன்று, விசில் ஒன்று, ஓட முடிகிற ஷூ. மழைக்காலத்தில் நனைந்த தோட்டாவைப் பெல்ட்டிலேயே வைத்திருக்காமல் மாற்றுங்கள்.

நிற்கும் இடமும் ஒரு சாதனம்தான். வண்டி நின்றதும் ஒருவர் மட்டும் இறங்கிச் சுற்றும் பார்க்க வேண்டும், அவர் கை காட்டிய பிறகுதான் கதவு திறக்க வேண்டும். முதுகுக்குச் சுவர் இருக்கட்டும். கஸ்டோடியனோடு தோள் உரசி நடக்காமல் நாலடி தள்ளி நடங்கள். அப்போது இருவரையும் ஒரே பாய்ச்சலில் மடக்க முடியாது. கைக்கெட்டும் தூரத்துக்கு யாரையும் விடாதீர்கள், பேரலைப் பிடித்துவிட்டால் துப்பாக்கி அவனுடையது. கூட்டம் நெருங்குகிறது என்று தோன்றினால் சண்டைக்கு நிற்காமல் உள்ளே ஏறிக் கதவைச் சாத்துங்கள், ஓட்டுநர் வண்டியை எடுக்கட்டும், சைரன் அலறட்டும், 112க்கு அழையுங்கள். வண்டி நகர முடியாமல் துப்பாக்கி உங்கள் முகத்துக்கு நேரே வந்துவிட்டால் பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். பணத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. பெட்டியோடு ஓடுகிறவனைத் துரத்தவும் வேண்டாம்.

எப்போது சுடலாம்?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தாலும், கொள்ளையைத் தடுக்கவும், எதிராளியின் உயிர் போகும் அளவுக்கு எதிர்க்கும் உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது. ஆபத்து தீர்ந்த பிறகு சுட்டால் அது தற்காப்பு அல்ல. ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தார்கள் என்பது அவர்கள் மேலான குற்றத்தைக் கூட்டும், உங்களுக்குத் தனிச் சலுகை எதுவும் தராது.

சுட நேர்ந்தால், துப்பாக்கியைத் துடைக்காமல், காலித் தோட்டாவை எடுக்காமல், அப்படியே போலீஸிடம் ஒப்படையுங்கள். எத்தனை சுட்டீர்கள், எத்தனை மிச்சம் என்று அன்றே எழுதி வையுங்கள். கம்பெனி மேலாளர் எழுதித் தரும் வாக்குமூலத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், கன்னடத்தில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வழக்குச் செலவைக் கம்பெனி ஏற்குமா, காயமடைந்தால் எவ்வளவு, இறந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் வாங்கி, ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்களையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.