பறவை வேட்டைக்கு ஏற்ற நாய்

கேள்வி: புதரில் பதுங்கிய பறவையைக் காட்டவும், விழுந்ததை எடுத்து வரவும் வல்ல நாய் ஜாதி எது? நம் சிப்பிப்பாறை போதாதா?
— வாசகர், குளச்சல்

பதில்: 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் உருவாக்கிய ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், புல்லிடையே ஒளிந்த கௌதாரியின் வாசனை மூக்கில் பட்டதும் ஒரு முன்னங்காலைத் தூக்கி, வாலை நீட்டி, சிலையென நின்றுவிடுவதிலும், வீழ்ந்த பறவையைப் பல் பதியாமல் கவ்வி நீரினின்றும் கொணர்வதிலும் ஒருங்கே சமர்த்து வாய்ந்தது. சிப்பிப்பாறையோ கண்ணால் கண்ட முயலைத் துரத்திப் பிடிக்கும் ஜாதி. மோப்பம் பிடித்து அசையாது நிற்றல் அதன் சுபாவமன்று.

ஆயினும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கௌதாரி முதலிய காட்டுப் பறவைகளின் வேட்டையைத் தடுத்திருப்பதாலும், தங்கள் மாவட்டத்துச் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் தூர தேசத்துப் பறவைகளின் புகலிடமாகி 2022இல் ராம்சர் தலமென அங்கீகாரம் பெற்றிருப்பதாலும், வேட்டைக்கென நாய் வாங்குவதற்கு நான் ஒருபோதும் சம்மதியேன். காவலுக்கும் தோழமைக்குமாயின், நம் வெயிலைத் தாங்கும் சிப்பிப்பாறையையே வாங்குங்கள். பறவைகள் கூடும் குளக்கரையில் மட்டும் அதை அவிழ்த்து விடாதிருக்க வேண்டுகிறேன்.