பாராத கண்ணும் பகலை அறியும்



பார்வை முற்றிலும் போன ஒருவரைக் கண் பிரிவுக்கு அழைத்து வருகிற உறவினர்கள் சில சமயம் கேட்பதுண்டு: "டாக்டர், இந்தக் கண்ணாலே இனி ஒரு பிரயோஜனமும் இல்லை. எடுத்துட்டு செயற்கைக் கண் வெச்சிடலாமா?" இதற்குப் பதில் சொல்ல, ஒரு தவளையின் தோலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆப்பிரிக்க நகத்தவளையின் தோலில் கறுப்பு நிறமிச் செல்கள் உண்டு. அவற்றைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாலும், வெளிச்சம் பட்டவுடன் உள்ளே குவிந்திருக்கும் நிறமித் துகள்கள் செல் முழுவதும் பரவுகின்றன. அங்கே கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. இதற்குக் காரணமான புரதத்தை 1998-ல் இக்னாசியோ புரொவென்சியோவும் அவருடன் உழைத்தவர்களும் கண்டறிந்து, மெலனாப்சின் என்று பெயரிட்டார்கள். இது ஆப்சின் என்னும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்சினுக்குள் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு பொருந்தியிருக்கும்; அது வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைப்பது. ஒளி பட்டதும் வளைந்திருந்த ரெட்டினால் நிமிர்கிறது, புரதம் வடிவம் மாறுகிறது, செல்லுக்குச் சேதி போகிறது. நம் கண்ணில் பார்வை தொடங்குவதும் இம்முறையிலேதான். (முருங்கைக்கீரையைப் பற்றிக் கிராம சுகாதார ஊழியர்கள் ஓயாமல் சொல்லுவது வீண் அல்ல!)

மனிதத் தோலிலும் ஆப்சின்கள் உண்டு. தோலின் நிறமிச் செல்கள் புற ஊதாக் கதிரை ரொடாப்சின் மூலம் உணர்ந்து, சில மணி நேரத்துக்குள் மெலனின் உண்டாக்கத் தொடங்குவதை 2011-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். ஆனால் தோல் உணரும் ஒளி தோலின் வேலைக்கே உதவுகிறது. முழங்காலின் பின்புறம் ஒளி பாய்ச்சினால் உடலின் கடிகாரமே மாறும் என்று 1998-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கேட்கச் சுவையான செய்திதான். 2002-ல் கவனமாகத் திரும்பச் சோதித்தபோது அது நிலைநிற்கவில்லை.

அப்படியானால் நம் உடலுக்குப் பகல் இரவைச் சொல்லுவது எது? கண்தான். ஆனால் பார்வைக்கான செல்கள் மட்டுமல்ல. 2000-ல் மெலனாப்சின் மனித விழித்திரையின் உள்ளடுக்கிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள நரம்புச் செல்களில் மிகச் சிலவே அதை உடையவை. அவை உருவங்களைக் காட்டுவதில்லை. நீல வெளிச்சத்தை நன்றாய் உணர்ந்து, மூளையிலுள்ள கடிகாரத்துக்கு "விடிந்தது" என்று அறிவிக்கின்றன.

இதற்கு முன்னமே, 1995-ல், சார்ல்ஸ் சைஸ்லர் குழுவினர் பார்வையற்ற 11 பேரைச் சோதித்திருந்தார்கள். பிரகாசமான ஒளியில் 3 பேருக்கு மெலடோனின் என்ற இரவு ஹார்மோன் குறைந்தது. கண்களை மூடிச் சோதித்தபோது குறையவில்லை. ஒன்றையும் பார்க்காத கண் பகலை அறிந்திருந்தது!

நம் நாட்டில் நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் குடும்பங்களில் அதிகம் காணப்படும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில், பார்வைச் செல்கள் அழிந்தபின்னும் இந்த நரம்புச் செல்கள் பிழைத்திருக்கக்கூடும். முற்றிய கண்நீர் அழுத்த நோயில் இவையும் சேதமடைகின்றன. ஆகவே, புற்றுநோயோ தீராத வலியோ இருந்தால் கண்ணை எடுக்கத்தான் வேண்டும்; குழந்தைகளின் கண் புற்றுநோயில் அது உயிரையே காக்கும். தோற்றத்துக்காக மட்டும் என்றால் அவசரம் வேண்டாம். பல சமயங்களில் கண்ணை எடுக்காமலே அதன்மேல் மெல்லிய செயற்கை ஓடு பொருத்தலாம்.

உங்கள் சபையில் பார்வையற்ற ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கி விழுகிறாரா? சோம்பல் என்று கடிந்துகொள்ளாதிருங்கள். ஒளியின் சேதி எட்டாத உடலின் கடிகாரம், அநேகருக்கு நாளுக்கு நாள் சற்றுப் பிந்திக்கொண்டே போகும். காலையில் அவரை இருட்டறையில் விடாமல் திண்ணையில் உட்கார வையுங்கள். இரு கண்களும் எடுக்கப்பட்டவருக்கு வெளிச்சத்தால் பயனில்லை; ஒழுங்கான நேரத்தில் உணவும் வேலையும், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மெலடோனின் மாத்திரையும் உதவும்.

கண் பிரிவில் இத்தகைய தீர்மானங்களை எடுக்க வேண்டிய மருத்துவர்களுக்காகவும் அந்தக் குடும்பங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.