ஆடைச் செய்தியும் நெசவாளர் கடமையும்

தருவைகுளத்தை உள்ளடக்கிய தூத்துக்குடிக் கடற்கரை முத்துக்குப் பெயர்பெற்றது என்பது யாவரும் அறிந்ததே. முற்காலத்து வணிகர் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களைச் சலித்து, அளவும் உருவமும் ஒளியும் கண்டு தரம் பிரித்தனர். பின்னர் ஜப்பானில், மனித முயற்சியால் சிப்பிக்குள் முத்து விளைவிக்கும் முறை தோன்றியது. 1921இல் அம்முத்துக்கள் இலண்டன் சந்தைக்கு வந்தபோது, அவை மெய்யா, போலியா என்று பத்திரிகைகளில் பெரும் வாதம் எழுந்தது. முடிவில், 'வளர்ப்பு முத்து' என்ற உண்மையான பெயரே அவற்றுக்கு நிலையான இடத்தை அளித்தது. இதே கரையிலுள்ள வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் உருண்டை வடிவ வளர்ப்பு முத்தை இந்தியாவில் முதன்முறையாக உண்டாக்கினர்.

ஒரு பொருளைச் செய்வது ஒரு தொழில். அது இன்னதென்று உலகுக்கு எடுத்துரைப்பது மற்றொரு தொழில். முத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை துணிக்கும் பொருந்தும்.

மெட்ராஸ் துணி தரும் பாடம்

1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர், கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் கட்டம் போட்ட கைத்தறித் துணி வாங்கிய வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அதனைக் குளிர்ந்த நீரில் மெல்லத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை, உடுத்துவோரைச் சென்றடையவில்லை. சாயம் கரைந்தது, புகார்கள் குவிந்தன. அப்போது 'செவன்டீன்' என்ற அமெரிக்கப் பத்திரிகை, துவைக்குந்தோறும் புதுநிறம் காட்டும் அதிசயத் துணி என்று அதனைப் பாராட்டி எழுதியது. குறையென்று கருதப்பட்டதே சிறப்பாயிற்று. அத்துணிக்குத் தேவை பெருகியது.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. துவைக்கும் முறை துணியோடு செல்லாததே தொல்லைக்குக் காரணம். மேலும், இவ்வரலாற்றில் வணிகர் பெயர் நிற்கிறது; பத்திரிகையின் பெயர் நிற்கிறது; நெய்தவர் பெயர் மட்டும் இல்லை.

மாறிவரும் காலம்

உடை நாகரிகச் செய்திகள் அக்காலத்தில் சில பத்திரிகை ஆசிரியர்களின் கையில் இருந்தன. இன்று அந்நிலை தளர்ந்துவிட்டது. 1910இல் தொடங்கிய 'விமன்ஸ் வேர் டெய்லி' என்ற நியூயார்க் நாளிதழ், 2015இல் நாள்தோறும் அச்சிடுவதை நிறுத்தியது. கைப்பேசி வைத்திருப்போர் எவரும் இன்று ஆடையைப் பற்றி எழுதலாம், படம் காட்டலாம்.

இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. எழுதும் வாய்ப்பு நெசவாளருக்கும் கிடைத்துள்ளது நன்மை. விலைபெற்ற புகழ்ச்சி, செய்தியின் வேடத்தில் உலவுவது தீமை. பணமோ இலவசப் பொருளோ பெற்றுப் புகழ்வோர் அதனை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் நெறிமுறை வகுத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க 'வோக்' இதழில் வந்த ஓர் ஆடை விளம்பரத்தின் அழகி, கணிப்பொறி தீட்டிய உருவமே. இனி, எந்தத் தறியிலும் நெய்யப்படாத சேலையையும் படத்தில் காட்ட இயலும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறுவோருக்கு இது புதிய வசதியாகும். 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் இருந்தனர். பொய்ச் செய்தியால் குறைவது இத்தகையோரின் கூலியே.

ஆகவே, வருங்கால ஆடைச் செய்தியின் மதிப்பு அழகிய படத்தில் இல்லை. சரிபார்க்கத்தக்க விவரத்தில் உள்ளது. அவ்விவரத்தை நன்கறிந்தவர் தறியில் அமர்ந்திருப்பவரே.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், 2010களில் பட்டுச்சேலையோடு நெய்தவரின் படமும் விவரமும் கொண்ட அட்டையை இணைத்தது. ஒவ்வொரு சங்கமும் இதனை விரிவாக்கலாம். படம் ஒன்றை வெளியிடும்போது அதனுடன் பின்வருவனவற்றையும் எழுதுதல் வேண்டும்:

1. பாவு நூல், ஊடை நூல் ஆகியவற்றின் வகையும் எண்ணும்.
2. சாயத்தின் வகை, துவைக்கும் முறை.
3. நெய்து முடிக்க ஆன நாட்கள்.
4. சங்கத்தின் பெயர், சம்மதம் பெற்று, நெசவாளரின் பெயர்.
5. 2006இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை உள்ளதா என்பது.

பருத்தி விளைவிப்போரும் இதில் பங்குகொள்ளலாம். கருங்கண்ணிப் பருத்தியா, வேறு இனமா, மானாவாரியா, இறவையா என்று அவர்கள் குறித்துக் கொடுத்தால், துணியின் வரலாறு வயலிலிருந்தே தொடங்கும்.

குறையை மறைக்க வேண்டா. சாயம் சிறிது கரையுமெனில் அதனை முன்கூட்டியே கூறுக. வளர்ப்பு முத்தைக் காத்தது உண்மைப் பெயர். நம் துணியைக் காப்பதும் அதுவே.

கலந்துரையாட

1. நம் சங்கத் துணியைப் பற்றிக் கடைசியாக எழுதியவர் யார்? அவர் தறியைப் பார்த்தாரா?
2. மேற்கண்ட ஐந்து விவரங்களில் எவற்றை நாம் இன்றே தர இயலும்?
3. விவரங்களை எழுதிச் சரிபார்க்கும் பொறுப்பை எந்த அங்கத்தினரிடம் ஒப்படைக்கலாம்?